பச்சைமலைக் காற்று

தாம்பரத்திலும் மலை உண்டோ என வியப்போர் உளர். சென்னைக் கடற்கரையிலிருந்து மின்வண்டியில் வருவோர் குரோம்பேட்டையைக் கடந்ததும் கைப்பையிலிருந்து கண்ணை எடுத்துச் சற்றே சன்னல் வழி நோக்குவாராயின் அதனைக் காணத் தவறார். பெயர் பச்சைமலை. உயரத்தை எண்ணினால் குன்று என்பதே பொருந்தும். ஆயினும் ஊரார் மலை என்று அழைத்துவிட்டதை அளவுகோல் கொண்டு திருத்த நமக்கு மனமில்லை. பங்குனி, சித்திரையில் பச்சை என்னும் பெயருக்குப் பொருளே இராது. கரும்பாறைகள் வெயிலில் காய்ந்து, சூரைமுள்ளும் சீமைக்கருவேலும் மட்டுமே நிற்கும். ஐப்பசி மழை இரண்டு பெய்யட்டும், பாறையிடுக்கெல்லாம் புல் தளிர்த்து, பெயர் வைத்த முன்னோர் பொய்யர் அல்லர் என்பது விளங்கிவிடும்.

இப்பகுதிக் குன்றுகள் அனைத்தும் ஒரு தாய் மக்கள். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், திருநீர்மலை, வண்டலூர் என வரிசையாக நிற்பவை. பரங்கிமலை நமக்குத் தோமையாரின் மலை. 1523-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயம் அதன் உச்சியில் உள்ளது. திருநீர்மலையில் அரங்கநாதர் கோவில். பல்லாவரத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோவில் இன்று தர்காவாக விளங்குகிறது. அங்குதான் 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில் இராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் நிலவியலாளர் கற்கால மனிதனின் கருவியொன்றைக் கண்டெடுத்தார். கல்கத்தா நகரை நிறுவியவர் எனப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகையும் இந்தப் பக்கத்துக் கல்லே. அவர் பெயரைக் கொண்டே அறிஞர் இக்கல்லுக்குச் 'சார்னாக்கைட்' எனப் பெயரிட்டனர். எங்கோ வங்காளத்தில் உறங்குபவரின் பெயரை நம் ஊர்ப் பாறை சுமக்கிறது! அது கிடக்கட்டும்.

அண்டைக் குன்றுகளுக்குக் கோவிலும் தர்காவும் ஆலயமும் புகழ் சேர்த்தன. பச்சைமலைக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு நோய்.

1928-ஆம் ஆண்டு, டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்னும் மருத்துவர் இம்மலைச் சாரலில் காசநோயாளருக்கான நலவாழ்வகம் ஒன்றைத் தொடங்கினார். 'சானடோரியம்' என்னும் சொல் தாம்பரத்திற்கு வந்து சேர்ந்த வரலாறு அதுவே. காசநோய்க்கு அந்நாளில் மருந்து கிடையாது. நோய்க்கிருமியை 1882-இலேயே இராபர்ட் கோக் கண்டறிந்திருந்தார். ஆனால் அதனைக் கொல்லும் வழி அறிந்தாரில்லை. தூய காற்று, வெயில், ஓய்வு, ஊட்டமுள்ள உணவு, சிறிது சிறிதாகக் கூட்டப்படும் நடை, இவையே மருத்துவம். ஆதலின் உலகெங்கும் மலைச்சாரல்களில் இத்தகைய இல்லங்கள் எழுந்தன. சௌரிமுத்து இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அப்படியோர் இல்லத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர். கணிதமேதை இராமானுசன் 1914-இல் 'நெவாசா' கப்பலில் சென்றபோது உடன் பயணம் செய்தவர்களுள் அவரும் ஒருவர். மூன்றாண்டுகள் கழித்து இராமானுசன் நோயுற்றபோது அதே மருத்துவரின் மெண்டிப் இல்லத்தில் தங்க நேர்ந்தது. இராமானுசனுக்கு வந்தது காசநோய்தானா என்று பிற்கால மருத்துவர் சிலர் ஐயுறுகின்றனர். அது வேறு கதை. அங்கே கற்ற மருத்துவத்தைத் தம் நாட்டு ஏழை எளியோருக்கும் தர வேண்டும் என்னும் வேட்கையே அம்மருத்துவரைப் பச்சைமலை அடிவாரத்திற்குக் கொணர்ந்தது எனலாம். 1937-இல் அவ்வில்லம் அரசின் கைக்கு மாறியது.

இடத்தேர்வில் குறை சொல்ல இயலாது. அக்காலத்தில் மலையிலிருந்து பார்த்தால் ஏரியும் வயலுமாகவே நாடு விரிந்து கிடக்கும். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்கரணை என ஊருக்கு ஊர் ஓர் ஏரி. பனைமர வரிசை கரைகளைக் காட்டும். 1931-ஆம் ஆண்டு மே 11-இல் ஓடத்தொடங்கிய மின்வண்டி, நடுவே ஊர்ந்து செல்லும் மரவட்டைபோல் தோன்றும். வடக்கே பரங்கிமலை ஆலயம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மாலை நான்கு மணிக்கு மேல் கடற்காற்று வந்துவிடும். அந்தக் காற்றை நம்பித்தான் எத்தனை உயிர்கள் அங்கே காத்துக் கிடந்தன!

அவர்களுள் நம் தாய்மாமன் ஒருவர். 1955-இல் அவருக்கு இருபத்தாறு வயது. இருமலில் இரத்தம் கண்டதும் வீடு நடுங்கிப்போயிற்று. அந்நாளில் அதன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். 'அந்த நோய்' என்பார்கள். மாமாவைத் தாம்பரத்தில் சேர்த்துவிட்டு, 'பம்பாயில் வேலை கிடைத்துவிட்டது' என்று பாட்டியார் உறவினரிடம் சொல்லிவைத்தார். சித்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பல்லாவரத்திற்கும் பம்பாய்க்கும் இடையே அன்று இருந்த தொலைவு இரண்டு நிலையங்கள்!

ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்ததும் அம்மா அடுக்குப் பாத்திரத்தில் சோறும் முட்டையும் எடுத்துக்கொண்டு வண்டி ஏறுவார். சிறுவராகிய நமக்கு உள்ளே செல்ல அனுமதி இல்லை; வாயிலருகே வேப்பமரத்தடியில் அமர்ந்திருப்போம். மாமா தாழ்வாரத்தின் ஓரம் வந்து நின்று கையசைப்பார். உடல்நிலை தேறத்தேற மருத்துவர் அவரை மலைப்பாதையில் நடக்கவிட்டனர். இவ்வாரம் முதற்பாறை வரை, இரு வாரம் சென்று இரண்டாம் பாறை வரை என்று கணக்கு. நோயாளிகள் தங்கள் நலத்தைப் பாறைகளால் அளந்துகொண்டனர். 'அண்ணன் இன்றைக்கு மூணாம் பாறை' என்று அம்மா வீட்டிற்கு வந்து சொன்ன மாலை நம் நினைவில் உள்ளது. பாட்டியார் ஒன்றும் பேசாமல் மாதா படத்தின்முன் விளக்கேற்றினார்.

காற்று மட்டும் மாமாவைக் காப்பாற்றவில்லை. ஸ்டிரெப்டோமைசின் 1943-இல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஊசியும் கசப்பு மருந்தும் அவருக்கு ஒன்றரை ஆண்டு தரப்பட்டன. நலம்பெற்று வீடு திரும்பினார். ஆனால் அவருக்கென ஓர் ஈயம் பூசிய தட்டு, ஒரு குவளை, கொல்லைப்புறத் திண்ணை ஆகியவை ஒதுக்கப்பட்டன. மருத்துவமனை அவரைத் தொற்று நீங்கியவர் என்று எழுதிக் கொடுத்திருந்தது. வீடு நம்பவில்லை. மாமா அதைப்பற்றி முறையிட்டதே இல்லை. உண்டு முடித்ததும் தம் தட்டைத் தாமே கழுவி, சுவரோரம் கவிழ்த்து வைப்பார்.

இந்நிலையில் சென்னையிலேயே ஒரு பெரிய செய்தி விளைந்துகொண்டிருந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. நகரத்து ஏழை நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நலவாழ்வகத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் வைத்தனர்; மறு பிரிவினரை அவரவர் நெரிசல்மிகுந்த வீட்டிலேயே விட்டு, அதே மருந்துகளைக் கொடுத்தனர். 1959-இல் முடிவு வெளிவந்தது. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். மருந்து ஒழுங்காக உண்டவர் வீட்டிலிருந்தமையால் வீட்டாருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. உலகின் காசநோய் மருத்துவத்தையே திருப்பிவிட்ட ஆய்வு இது. மலைக்காற்றை நாடிச் செல்லும் தேவை அன்றோடு குறைந்தது. நோயாளி தன் வீட்டிலேயே, தன் மக்களோடேயே இருக்கலாம் என்றாயிற்று.

மாமாதான் அச்செய்தியை வீட்டிற்குக் கொண்டுவந்தார். எங்கோ கேட்டறிந்ததை அம்மாவிடம் மெல்லிய குரலில் சொன்னார், எதையும் கேட்கவில்லை. அன்றிரவு சோறு பரிமாறும் வேளையில் அம்மா எழுந்து கொல்லைப்புறம் சென்றார். சுவரோரம் கவிழ்ந்திருந்த தட்டை எடுத்துவந்து மற்றத் தட்டுகளோடு சேர்த்துக் கழுவி, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். 'என்னடி செய்யறே?' என்று பாட்டியார் கத்தினார். 'எது அண்ணன் தட்டுன்னு எனக்கே தெரியலைம்மா' என்றார் அம்மா. அது பொய். அத்தட்டின் விளிம்பில் ஒரு நெளிவு இருந்தது, எல்லோருக்கும் தெரியும். அந்த நெளிந்த தட்டு அன்று நமக்கு வந்தது.

பச்சைமலை அடிவாரம் அத்தோடு அமைதியடைந்துவிடவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதல் அறியப்பட்டது 1986-இல், சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால். 1993 முதல் அந்நோயாளர் தாம்பரத்திற்கு வரத்தொடங்கினர். பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபை அன்பர்களோடு நாமும் சில ஞாயிறுகளில் அங்குச் சென்றிருக்கிறோம். ஆந்திரத்திலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். பலருக்கு உடன் யாரும் இல்லை. சேர்த்துவிட்டுச் சென்ற உறவினர் கொடுத்த முகவரிக்குக் கடிதம் எழுதினால் அப்படியொரு வீடே இல்லை என்று திரும்பிவரும். அவர்களும் ஏதோவொரு பம்பாயில் வேலையாய் இருந்திருப்பார்கள்! நாற்பது ஆண்டுகளில் நோயின் பெயர்தான் மாறியிருந்தது. ஓர் இளைஞர், பழத்தை நீட்டியபோது, 'கையில் கொடுப்பீங்களா, மேசையில் வைப்பீங்களா?' என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, வழக்கம் எதுவென்று தெரிந்துகொள்ளவே கேட்டார். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டுமருந்து வழங்கத் தொடங்கிய முதற்சில மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று. அதன்பின் வந்தவர்களுள் பலர் எழுந்து நடந்து வீடு சென்றனர்.

இன்று மலையைச் சுற்றிக் காற்றும் மாறிவிட்டது, காட்சியும் மாறிவிட்டது. 1984-இல் ஏற்றுமதி வளாகம் வந்தது. 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. வயல்கள் மனைகளாகிவிட்டன. எஞ்சிய ஏரிகள் சில கழிவுநீர் சுமக்கின்றன. ஏரிக்குப் போகவேண்டிய வெள்ளம் வழி தெரியாமல் 2015 திசம்பரில் முடிச்சூர் வீடுகளுக்குள் நுழைந்ததை நாம் மறக்கவில்லை. அண்டைக் குன்றுகள் பலவற்றைக் கல்லுடைப்போர் பாதி தின்றுவிட்டனர்; அவ்விடங்களில் ஆழ்ந்த பள்ளங்களில் பச்சைநிற நீர் தேங்கி நிற்கிறது. பச்சைமலைக்குத் தப்பிப் பிழைக்கும் பேறு ஓரளவு கிடைத்திருக்கிறது. மழை பெய்தால் இன்னும் புல் தளிர்க்கிறது. செம்போத்து இன்னும் கூவுகிறது.

மாமா 1998-இல் மறைந்தார், நுரையீரலால் அன்று, முதுமையால். நலமானபின் அம்மலைமீது அவர் ஏறியதாக நாம் அறியோம். வண்டியில் அவ்வழியே செல்லும்போதெல்லாம் சன்னலோரம் சற்று நிமிர்ந்து உட்காருவார். அந்த நிலையத்தின் பெயர்ப்பலகை இன்றும் 'தாம்பரம் சானடோரியம்' என்றே இருக்கிறது. சென்ற மாதம் நம் பேத்தி அதைப் படித்துவிட்டு, 'சானடோரியம்னா என்ன தாத்தா?' என்று கேட்டாள். வண்டி அடுத்த நிலையத்தை அடைவதற்குள் மூன்றாம் பாறை வரைதான் சொல்ல முடிந்தது.