மனிதனை யாரென்று நினைத்து எழுதுகிறீர்கள்?

மேலாண்மையில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, கேள்வித்தாள் அச்சடிப்பதற்கு முன்னால் சுமந்திர கோஷலைப் படித்துவிடுங்கள். கல்கத்தாவில் பிறந்தவர். இந்தியன் ஆயிலில் வேலை பார்த்தவர். பிறகு அமெரிக்கா போய் எம்.ஐ.டி., ஹார்வர்டு இரண்டிலும் முனைவர் பட்டம் வாங்கி, லண்டன் பிசினஸ் ஸ்கூலில் பேராசிரியராக இருந்தார். 2004இல் காலமானார். மறு ஆண்டு வெளிவந்த அவருடைய கட்டுரை, மோசமான கோட்பாடுகள் நல்ல நிர்வாகத்தை அழிக்கின்றன என்று வாதிட்டது. அது குற்றம் சாட்டியது அவரே பாடம் நடத்திய வணிகப் பள்ளிகளை.

அவர் வாதத்தை நான் புரிந்துகொண்டது இப்படி. சூரியன்தான் பூமியைச் சுற்றுகிறது என்று எத்தனையோ நூற்றாண்டுகள் நம்பினோம். அதற்காகச் சூரியன் தடம் மாறவில்லை. மனிதனோ தன்னைப் பற்றிச் சொல்லப்படுவதைக் கேட்டு மாறுகிறவன். தொழிலாளி ஏமாற்றுவான் என்று வகுப்பில் கற்ற மேலாளர் கேமரா மாட்டுகிறார், நிமிஷக் கணக்குக் கேட்கிறார். நேற்றுவரை மனமுவந்து செய்தவர், இன்று கேமராவுக்குத் தெரிகிற வேலையை மட்டும் செய்கிறார். கோட்பாடு சரிதான் என்று இன்னொரு கேமரா வருகிறது. நீங்கள் திரட்டும் தரவும் அதையேதான் சொல்லும். அந்தத் தரவை உண்டாக்கியதே கோட்பாடுதான் என்பதை எந்தப் புள்ளியியல் மென்பொருளும் காட்டித் தராது. தத்துவம் வேண்டியிருப்பது இந்த இடத்தில்தான்.

அப்படிப்பட்ட கோட்பாடு எங்கிருந்து வந்தது? 1970இல் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன், லாபத்தைப் பெருக்குவதே தொழிலின் சமூகப் பொறுப்பு என்று எழுதினார். விதிகளுக்கு உட்பட்டு, மோசடி இல்லாமல் என்றும் சேர்த்தே எழுதினார். அதை விட்டுவிட்டு அவரைத் திட்டுவது நியாயமில்லை. 1976இல் ஜென்சனும் மெக்லிங்கும் மேலாளரைப் பங்குதாரரின் முகவராக வைத்துக் கோட்பாடு வகுத்தார்கள். முகவர் தன்னலம் பார்ப்பார், ஆகவே கண்காணிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பங்குதாரருக்கு முதலிடம் தரச் சொல்லப்படும் காரணம், அவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்பது. அதையே கோஷல் ஏற்கவில்லை. பங்கு பிடிக்காவிட்டால் அன்றைக்கே விற்றுவிடலாம். ஒரே ஆலையில் 20 வருஷம் வேலை பழகியவர், ஆலை மூடினால் எங்கே போவார்? அவர் போட்ட அறிவும் உழைப்பும் முதல் இல்லையா? எனக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம். தத்துவம் படித்துவிட்டு மேலாண்மைக்கு வந்த எட்வர்ட் ஃப்ரீமன், 1984இல் வெளியிட்ட தன் நூலில் தொழிலாளி, வாடிக்கையாளர், சரக்குத் தருபவர், ஊர்மக்கள் எல்லோரையும் நிறுவனத்தின் கணக்குக்குள் கொண்டுவந்தார்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். மனிதனைப் பற்றி உங்கள் ஆய்வு எதை முன்கூட்டியே நம்பிவிட்டது என்பதை அரைப் பக்கம், சாதாரணத் தமிழில் எழுதுங்கள். உங்கள் கேள்வித்தாளை நிரப்பித் தந்த ஒரு தொழிலாளியிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லையே என்று அவர் சொன்னால், ஆய்வை அங்கிருந்து தொடங்குங்கள்.