தாயார் விட்டுச்சென்ற தோசைக்கல்

எங்கள் சுரண்டைப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரல்காற்று வீசும். உடலுக்கு இதமான அந்த ஈரம் இரும்புக்குப் பகை. என் தாயார் வஃபாத்தான பின், அவர்கள் புழங்கிய வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைப் பரணில் ஏற்றிவிட்டோம். ஓராண்டு கழித்து இறக்கியபோது செந்துரு படர்ந்திருந்தது. "பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?" என்று துணைவியார் கேட்டார். மனம் ஒப்பவில்லை.

துரு மேற்பரப்பில்தான் பிடித்திருந்தது. புளியும் கல்லுப்பும் இட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். கழுவி, உடனே துடைத்து, அடுப்பில் ஈரம் போக உலர்த்தினேன். நல்லெண்ணெயை மெல்லியதாகத் தடவி, இலேசாகப் புகையும் வரை காய்ச்சி ஆறவிட்டேன். இவ்வாறு பலமுறை செய்ய, எண்ணெய் இறுகிக் கரும்படலமாகிறது. கல்லைப் 'பழக்குதல்' என்பது இதுவே. அப்படலமே கல்லின் காவல். புளிப்பு அதனை அரிக்கும். ஆகவே பழக்கிய கல்லில் புளி படவேண்டாம். சூடான கல்லில் குளிர்நீரும் ஊற்றாதீர்கள். கரிமம் 2 விழுக்காட்டிற்கு மிகுந்த வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, விரிசல் கண்டுவிடும்.

முதல் நாள் தோசைகள் ஒட்டிக்கொண்டன. ஐந்தாம் நாள் ஒன்று முழுதாக எழும்பிற்று. துணைவியார் அதனை என் தட்டில் இட்டபோது கண் கலங்கினேன்.

இரவுதோறும் தாயார் அக்கல்லைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்ததை இளமை முதலே கண்டவன் நான். மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நான், வீட்டில் நடந்த அப்பாடத்தைக் கற்கவில்லை. உங்கள் பரணிலும் ஒரு கல் இருக்கக்கூடும். இன்றே இறக்கிப் பாருங்கள்.