எழுபது ஆண்டு தாமதம்

மாலை ஆறு மணிக்குக் கிழக்கேகோட்டையில் ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழுவது கடினம். திருவனந்தபுரத்தின் நகரப் பேருந்துகளில் பெரும்பாலானவை அங்கேதான் வந்து திரும்புகின்றன. பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைபடும் தேங்காய்கள், சாலைக் கடைத்தெருவுக்குள் நுழையத் தவிக்கும் லாரிகளின் ஹாரன், லாட்டரிச் சீட்டு விற்பவரின் ஒலிபெருக்கி; காந்தி பார்க்கில் கட்சிக் கூட்டம் இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே நடந்தால் பத்மதீர்த்தக் குளக்கரையில் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். நவராத்திரியின் ஒன்பது மாலைகளில் அந்த இடத்தில் தம்புராவின் சுருதி கேட்கும்.

நவராத்திரி மண்டபத்தை மேடை என்று சொல்வது சரியல்ல. எண்ணெய் விளக்குகளின் வெளிச்சம். எதிரே சரஸ்வதி. பாடுகிறவர் பாடுவது அவளுக்காக. கேட்க வந்தவர்கள் அந்த உபசாரத்துக்குச் சாட்சிகள் மட்டுமே. கைதட்டக் கூடாது, பேசக் கூடாது, நடுவில் எழுந்து போகக் கூடாது. சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பிக்கு எழுந்துபோகிற ரசிகர்களுக்கு அது உகந்த இடமல்ல. கூரையில் மண்பானைகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், நாதம் சிதறாமல் திரும்பி வருவதற்காக.

என்ன பாட வேண்டும் என்பதும் அங்கே முன்பே தீர்மானமானது. 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாளின் ஒன்பது கிருதிகள், நாளுக்கு ஒன்று. முதல் நாள் சங்கராபரணம், பிறகு கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி. ஒன்பதாம் நாள் ஆரபி. கிருதிக்கு முன்னால் ராகமும் தானமும் விரிவாகப் பாடப்படும். மற்ற இடங்களில் தானத்தின்போது மிருதங்கம் பொதுவாக ஓய்வெடுக்கும். இங்கே கூடவே நடக்கும். இதைக் கேட்பதற்காகவே தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறி வரும் ரசிகர்கள் உண்டு.

1980களில் சுவாதித் திருநாள் என்ற வாக்கேயக்காரரே ஒரு கற்பனை என்று வீணை எஸ். பாலசந்தர் வழக்காடினார். 'அந்த நாள்' என்ற பாட்டே இல்லாத படத்தை 1954இல் இயக்கிய அதே பாலசந்தர்தான். அந்தச் சண்டையில் இரு தரப்பிலும் நிறைய மை செலவாயிற்று. நவராத்திரி மண்டபம் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் பாடிக்கொண்டே இருந்தது.

சரஸ்வதி அந்த மண்டபத்தில் நிரந்தரமாக வசிப்பவள் அல்ல. ஒவ்வொரு ஆண்டும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வருகிறாள். கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது ஐதீகம். அவர் அதைச் சேர மன்னரிடம் ஒப்படைத்ததாகச் சொல்கிறார்கள். தலைநகரம் பத்மநாபபுரத்தில் இருந்த காலம்வரை பூஜையும் அங்கேயே நடந்தது. தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியபின் தேவி ஆண்டுதோறும் பயணம் போகத் தொடங்கினாள். யானைமேல் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து பல்லக்கில் முன்னுதித்த நங்கை. 1956இல் மொழிவழியாக மாநிலங்கள் பிரிந்தபோது தெய்வங்களின் வீடு தமிழ்நாட்டிலும் விருந்து கேரளத்திலும் என்று ஆனது. அதனாலென்ன? களியக்காவிளையில் ஒரு மாநிலத்துப் போலீசார் வழியனுப்ப, இன்னொரு மாநிலத்துப் போலீசார் வரவேற்கிறார்கள். கிழக்கேகோட்டை வந்ததும் முருகன் ஆரியசாலைக்கும், நங்கை செந்திட்டைக்கும், சரஸ்வதி மண்டபத்துக்கும் பிரிந்து போகிறார்கள்.

களியக்காவிளையைத் தாண்டியதும் கேரளத்துக்குள் வரும் ஊர்களில் முக்கியமானது பாறசாலை. நெய்யாற்றின்கரைக்குப் போகிற வழி. 1924 நவம்பரில் அந்த ஊரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் பொன்னம்மாள். யானைமேல் சரஸ்வதி ஆண்டுதோறும் கடந்துபோகும் ஊரில் பிறந்த அந்தப் பெண், அவள் முன்னால் உட்கார்ந்து பாடுவதற்கு 2006ஆம் ஆண்டு நவராத்திரிவரை காத்திருக்க நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 81.

அதற்குமுன் நவராத்திரி மண்டபத்தில் எந்தப் பெண்ணும் கச்சேரி செய்ததில்லை. வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

இந்த வழக்கத்தைச் சுற்றிலும் நடந்தவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் விசித்திரம் புரியும். திருவிதாங்கூர் மருமக்கத்தாய நாடு. அரசரின் மகனல்ல, சகோதரியின் மகனே அடுத்த அரசன். சுவாதித் திருநாள் கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்காக நாட்டை ஆண்டது அவருடைய தாய் கௌரி லட்சுமி பாயி. அவருக்குப் பிறகு சிற்றன்னை கௌரி பார்வதி பாயி. பொன்னம்மாள் பிறந்த 1924இலும் ஆட்சி ஒரு பெண்ணின் கைக்குத்தான் வந்திருந்தது: சேது லட்சுமி பாயி. பெண் ஆளலாம், வரி விதிக்கலாம், தீர்ப்புச் சொல்லலாம். ஒரு பெண் தெய்வத்தின் முன்னால், அந்தத் தெய்வத்தைத் தாயே என்று அழைக்கும் பாட்டைப் பாடுவது மட்டும் ஆகாது.

1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். அதுவரை உள்ளே அனுமதிக்கப்படாத மக்களுக்குக் கோயில்கள் திறந்தன. இந்தியாவே அண்ணாந்து பார்த்த காரியம் அது. பொன்னம்மாளுக்கு அன்று பன்னிரண்டு வயது நிறைந்திருக்கவில்லை. மூன்று ஆண்டுகளில் அதே அரசு திருவனந்தபுரத்தில் இசைக் கல்லூரி ஒன்றைத் தொடங்கி, முதல்வராக ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரை அமர்த்தியது. அங்கே சேர்ந்த முதல் மாணவி பொன்னம்மாள். முத்தையா பாகவதரிடமும் அவருக்குப் பின் வந்த செம்மங்குடி சீனிவாசய்யரிடமும் பயின்றார். பிறகு அதே கல்லூரியின் முதல் ஆசிரியை ஆனார். பின்னாளில் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வர். வாழ்க்கைக் குறிப்பில் இத்தனை 'முதல்'கள் இருப்பது பெருமை என்று எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு முன்னால் யாரையும் உள்ளே விடவில்லை என்பதற்கான பட்டியலாகவும் படிக்கலாம்.

அவரிடம் படித்தவர்களில் நெய்யாற்றின்கரை வாசுதேவன் உண்டு. மலையாளத் திரை இசையமைப்பாளர் எம்.ஜி. ராதாகிருஷ்ணன் உண்டு. மாணவன் ஆண் என்றால் மண்டபத்தில் உட்காரத் தடை இல்லை. அவனுக்குத் தோடியையும் பைரவியையும் சொல்லித் தந்த ஆசிரியைக்கு இல்லாத தகுதி அது. கல்லூரி இருக்கும் தைக்காட்டிலிருந்து கிழக்கேகோட்டைக்குப் பேருந்தில் சில நிமிடப் பயணம்தான். அதைக் கடக்க இசைக்கு அறுபத்தேழு ஆண்டுகள் ஆயின.

இது ஒருவருடைய தனிப்பட்ட குறை மட்டும் அல்ல. சென்னை மியூசிக் அகாடமி 1968இல் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு சங்கீத கலாநிதி விருது தந்தது, 1970இல் டி.கே. பட்டம்மாளுக்கு, 1976இல் டி. பிருந்தாவுக்கு, 1977இல் எம்.எல். வசந்தகுமாரிக்கு. இவர்களில் ஒருவர்கூட நவராத்திரி மண்டபத்தில் பாடியதில்லை. செம்மங்குடியிடம் சுவாதித் திருநாள் கிருதிகளைக் கற்று நாடெங்கும் பாடியவர் எம்.எஸ். வசந்தகுமாரி 1990இல் மறைந்தார், பிருந்தா 1996இல், எம்.எஸ். 2004 டிசம்பரில். கதவு திறந்தபோது பட்டம்மாள் மட்டுமே இருந்தார். அவருக்கும் கச்சேரி செய்யும் வயது கடந்திருந்தது. பிருந்தாவின் விளம்ப கால சாவேரி அந்தப் பானைகளுக்கு அடியில் எப்படி ஒலித்திருக்கும்? இனி யாராலும் சொல்ல முடியாது. 2006ஐப் பற்றிப் பேசும்போது இந்த நஷ்டக் கணக்கு ஏனோ விட்டுப்போகிறது. நஷ்டம் அந்தப் பெண்களுக்கா மண்டபத்துக்கா என்று கேட்டால், மண்டபத்துக்கு என்றுதான் தோன்றுகிறது. அவர்களுக்கு உலகமெங்கும் மேடைகள் இருந்தன.

கதவைத் திறந்ததில் அரச குடும்பத்தைச் சேர்ந்த பாடகர் ராம வர்மாவின் முயற்சி முக்கியமானது. பாலமுரளிகிருஷ்ணாவின் சீடர். யாரை முதலில் பாட வைப்பது என்பதில் அவருடைய விவேகம் தெரிகிறது. புகழின் உச்சியில் இருக்கும் இளம் பாடகி ஒருவரை அழைத்திருந்தால் படங்கள் அதிகம் வந்திருக்கும். ஆட்சேபங்களும் அதிகம் வந்திருக்கும். மூன்று தலைமுறைக்குப் பாட்டுச் சொல்லித் தந்த 81 வயது ஆசிரியை, அதே அரசு தொடங்கிய கல்லூரியின் முதல் மாணவி எதிரே வந்து உட்காரும்போது மறுப்பதற்கு எந்த வாய் துணியும்? ஆனால் இதில் ஒரு நெருடலும் இருக்கிறது. ஆண் பாடகருக்கு நன்றாகப் பாடத் தெரிந்தால் போதும். பெண் என்றால் பாட்டியாகவும் குருவாகவும் அப்பழுக்கற்றவராகவும் இருந்தால்தான் முதல் அடி எடுத்துவைக்க முடிகிறது.

முன்னூறு ஆண்டு மரபு உடைந்தது என்று அப்போதும் பிறகும் பத்திரிகைகள் எழுதின. சுவாதித் திருநாள் பிறந்ததே 1813இல். அவருடைய ஒன்பது பாட்டுக்கு முன்னூறு வயது எப்படி ஆகும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு வழக்கத்துக்கு வயதைக் கூட்டிச் சொல்வது அதை மதிப்பவர்களுக்கும் வசதி, உடைப்பவர்களுக்கும் வசதி.

சினிமா முந்திக்கொண்டது. லெனின் ராஜேந்திரன் 1987இல் 'சுவாதித் திருநாள்' படத்தை எடுத்தார். அனந்த் நாக் மன்னராக நடித்தார், மது அம்பாட் ஒளிப்பதிவு, எம்.பி. சீனிவாசன் இசை. யேசுதாசுடனும் பாலமுரளியுடனும் எஸ். ஜானகியின் குரலும் அந்தப் படத்தில் ஒலித்தது. திரையரங்கின் இருட்டில் யாருக்கும் அது மரபுமீறலாகப் படவில்லை.

2011இல் பத்மநாப சுவாமி கோயிலின் நிலவறைகள் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் திறக்கப்பட்டபோது தொலைக்காட்சி வண்டிகள் கிழக்கேகோட்டையை நிறைத்தன. தங்கத்தின் மதிப்பு எத்தனை லட்சம் கோடி என்று நாடே கூட்டிப் பார்த்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் அதே மதிலோரம் இன்னொரு கதவு திறந்ததை இசை ரசிகர்களைத் தவிர எத்தனை பேர் நினைவு வைத்திருந்தார்களோ. அதற்கு வழக்கு நடக்கவில்லை, தடியடி நடக்கவில்லை. 2018இல் சபரிமலைத் தீர்ப்புக்குப் பிறகு கேரளம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைதி வியப்பாகத்தான் இருக்கும். உள்ளே நுழைய உரிமை கேட்டால் எழும் கோபம் பாட உரிமை கேட்டால் எழுவதில்லையோ என்னவோ.

2006க்குப் பிறகுதான் கேரளத்துக்கு வெளியே பலருக்குப் பொன்னம்மாளின் பெயர் தெரிந்தது. 2017இல் பத்மஸ்ரீ வந்தது. 2021 ஜூன் 22 அன்று 96 வயதில் மறைந்தார். பிற்காலக் கச்சேரிகளின் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவசரமே இல்லாத பாட்டு. ராகத்தின் ஒரு பிடியில் நின்று, சுற்றிப் பார்த்து, திருப்தியானபின்தான் அடுத்த பிடிக்கு நகர்கிறார். இருபது நிமிடத்தில் ராகமாலிகை முடித்துத் துக்கடாவுக்குத் தாவும் இன்றைய கச்சேரிகளுக்குப் பழகிய காதுகளுக்கு முதலில் கொஞ்சம் பொறுமை தேவைப்படும்.

அவருக்குப் பின்னால் வந்த ஆண்டுகளில் வேறு பெண்களும் மண்டபத்தில் பாடினார்கள். இப்போது அது செய்தியாவதில்லை. தைக்காட்டுக் கல்லூரியில் ஒரு பெண் உட்கார்ந்து ஒன்பது கிருதிகளையும் வரிசையாக, முதல் நாள் சங்கராபரணத்திலிருந்து ஒன்பதாம் நாள் ஆரபிவரை பாடம் செய்தால், அது பரீட்சைக்காக மட்டும்தான் என்று இன்று யாரும் சொல்ல முடியாது.