தம்பிக்கு ஒரு பழைய நாயனம்

மேளக்காரக் குடும்பத்தில் பிறக்கிற பிள்ளைக்கு நாயனம் வீட்டிலேயே இருக்கும். தாத்தா ஊதினது, அப்பா ஊதினது என்று ஒன்றாவது கிடக்கும். லயத்துப் பிள்ளைக்கு அப்படி இல்லை, காசு கொடுத்துத்தான் வாங்கணும். எங்க தோட்டத்துத் தம்பிக்கு 12 வயது. அவன் அம்மா கொழுந்துக் காசில் சீட்டுப் போட்டு எடுத்த பணத்தோடு, நாங்களும் மாஸ்டரும் பழைய நாயனம் பார்க்கப் போனோம்.

முதலில் அளவு. திமிரி குட்டை, சுருதி கூட. பாரி நீளம், சுருதி குறைவு. டி.என். ராஜரத்தினம் பிள்ளை காலத்திலிருந்து கச்சேரிகளில் பாரிக்குத்தான் மவுசு. ஆனால் அதில் துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும். சின்ன விரல் ஏழு துளையையும் காற்றுப் போகாமல் மூடணும், இல்லாவிட்டால் கீச்சுச் சத்தம்தான். அதனால் ஊதச் சொல்லவில்லை, பிடிக்கச் சொன்னோம்.

அடுத்தது மரம். கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாயனம் கடைவது ஆச்சா மரத்தில். பழைய வீடுகளைப் பிரித்து எடுத்த மரத்தைத்தான் தேடுவார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே பழசு என்பது குறை இல்லை, வெடிப்புத்தான் குறை. மேல்நாட்டு ஓபோவுக்கும் நாயனம் மாதிரியே நாணல் சீவாளிதான். பழைய ஓபோ வாங்குகிறவர்களும் மேல்பகுதியில்தான் வெடிப்புத் தேடுவார்கள், மூச்சின் ஈரம் முதலில் படுவது அங்கேதான். நுவரெலியாக் குளிரில் கேட்கவா வேணும்!

நாங்கள் பார்த்த ஒன்று வார்னிஷில் பளபளத்தது. டார்ச் அடித்தால் மேலே முடியளவு வெடிப்பு, மெழுகு பூசி மறைத்திருந்தது. மற்றதில் அணசு நெளிந்திருந்தது, உலவு சுத்தம். அதன் கீழ்த்துளைகளிலும் மெழுகு இருந்தது. அது சுருதி சேர்க்க வைப்பது, பயப்பட வேண்டாம் என்றார் மாஸ்டர். நெளிந்ததையே எடுத்தோம்.

கடைசியாக ஒன்று. விற்கிறவரின் சீவாளியில் ஊதி முடிவெடுக்காதீங்க, மாஸ்டரின் சீவாளியைப் போட்டு ஊதச் சொல்லுங்க. நாயனம் பல வருஷம் நிற்கும், சீவாளி நிற்காது. சீவாளிக்கென்று கொஞ்சம் காசு ஒதுக்கி வைக்காவிட்டால் ஆறு மாதத்தில் நாயனம் அலமாரிக்கு மேலே போய்விடும். சீட்டுக் காசில் மிஞ்சியதை அம்மாவிடம் கொடுத்து அதைத்தான் சொன்னோம். அவர் முந்தானையில் முடிந்துகொண்டார்.