கைகள் தெரியும் படங்கள்

பிடித்த படம் எது என்று யார் கேட்டாலும் 'முள்ளும் மலரும்' என்றுதான் என் வாயில் வரும். 1978இல் வந்த படம். மகேந்திரன் இயக்கிய முதல் படம் அது. உமாசந்திரனின் நாவல், பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு, இளையராஜாவின் இசை. அண்ணன் தங்கைப் பாசத்துக்காக அதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. ரஜினியின் நடிப்புக்காகக் கொண்டாடுகிறவர்கள் இன்னும் அதிகம். என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்த விஞ்சு. மின்நிலையத்தில் விஞ்சு ஓட்டுகிறவன் காளி. ஊரில் அவனுக்கு இருக்கிற மரியாதை, அவனுடைய முரட்டுத்தனம், தங்கை வள்ளியை யாருக்கும் தலைகுனியாமல் வளர்த்த கர்வம் எல்லாம் அந்த வேலையிலிருந்து வருகின்றன. குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவன்மேல் லாரி ஏறி ஒரு கை போன பிறகு, அவன் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவது என்று தெரியாமல் தவிப்பான். அந்தத் தவிப்பைப் பார்த்தபோது எங்கள் தோட்டமே விசும்பியது.

தோட்டத்தில் எல்லாருக்கும் கைதான் சோறு. மலேசியாவில், பந்திங்கிலிருந்து மோரிப் கடற்கரைக்குப் போகும் வழியில் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். அம்மா பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டினார். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற வடிவது குறைந்து, வெட்டின கோட்டிலேயே உறைந்துவிடும். உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. இருட்டில், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், பட்டையை அத்தனை மெல்லிசாகச் சீவிக்கொண்டே மரத்துக்கு மரம் போவார். காலையில் பெய்யும் மழைக்கு அம்மா பயப்படுவதுபோல வேறு எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. மழை என்றால் அன்றைக்கு வெட்டு இல்லை.

திடலில் படம் போடும் நாளில் அம்மா சீக்கிரம் சமைத்துவிடுவார். இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். நாங்கள் பாய் விரித்து இடம் பிடிப்போம். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து இடவலம் மாறிய எம்.ஜி.ஆரைப் பார்ப்பார்கள். ரீல் மாற்றுகிற இடைவெளியில் கச்சான் விற்கிறவர் சுற்றி வருவார்.

அம்மாவுக்கு எம்.ஜி.ஆர் படங்கள்தான் படம். பெயர்களைப் பாருங்கள்: 'தொழிலாளி', 'படகோட்டி', 'விவசாயி', 'மாட்டுக்கார வேலன்', 'ரிக்‌ஷாக்காரன்', 'மீனவ நண்பன்'. 1964இலிருந்து 1977 வரை உழைக்கிறவர்களின் தொழிலையே பெயராக வைத்துப் படம் படமாக வந்தன. இதில் 'ரிக்‌ஷாக்காரன்' அவருக்குத் தேசிய விருதே வாங்கித் தந்தது. படகோட்டியின் சட்டையில் சேறு ஒட்டாது, விவசாயியின் தலை கலையாது. அதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். பகல் முழுக்க ஆசிட் வாடையும் கொசுக்கடியுமாக இருந்தவருக்கு, வேலைக்காரன் ஒருவன் திரையில் அழகாக, தலைநிமிர்ந்து நின்றால் போதும். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அந்தப் படங்கள் என் அம்மாவைப் போன்றவர்களிடம், நீங்கள் செய்கிற வேலை பாட்டுக்குரியது என்று சொல்லின.

ஆனால் காளி வந்த பிறகு எனக்கு வேறு ருசி பிடித்துவிட்டது. அதில் வேலை வேலையாகவே இருந்தது. வீடியோ டேப் வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கிய காலத்தில் பந்திங் கடைத்தெருவில் அந்தப் படத்தை எடுத்துவந்து, அண்ணனும் நானும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அண்ணன் அப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனையில் குலை அறுக்கப் போய்க்கொண்டிருந்தார். முதலில் பார்க்கும்போது காளியின் கோபம் தெரிந்தது. பிறகு பாலு மகேந்திரா காட்டிய மலையும் பனியும் தெரிந்தன. அதற்கும் பிறகுதான் முடிவிலுள்ள நியாயம் புரிந்தது. காளிக்குப் பிடிக்காத இன்ஜினியரோடு கிளம்பிவிட்ட வள்ளி, எல்லாரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள். காளிக்கு அது போதும், கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறான். இப்போதும் உங்களைப் பிடிக்கவில்லை என்று அந்த இன்ஜினியரிடமே சொல்லிவிட்டுச் சம்மதிக்கிறான். தோற்றவனுடைய மானத்தை இத்தனை பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுத்த படம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

மானம் என்றதும் 'கபாலி' ஞாபகம் வருகிறது. 2016 ஜூலையில் வந்தபோது கிள்ளானில் முதல் நாளே பார்த்தோம். பா.ரஞ்சித்தின் அந்தக் கதாநாயகனை எல்லாரும் கோட்டு சூட்டோடு ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியம், அவன் தோட்டத்தில் பிறந்து, கூலிக்காகக் குரல் கொடுத்து மேலே வந்தவன் என்பது. அந்தக் காட்சி வரும்போது நாங்கள் உட்கார்ந்திருந்த மண்ணை நினைத்துக்கொண்டேன். 1941இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில்தான் ஆர்.எச்.நாதன் போன்றவர்கள் முன்னின்ற வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள், கள்ளுக்கடையை மூடு என்றார்கள். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள்; ராணுவம் வந்து சுட்டதில் தொழிலாளிகள் செத்தார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவதற்காக மனிதர்கள் போராடிய ஊர் இது. இது தெரிந்தவர்களுக்கு, கபாலி கால்மேல் கால் போட்டு உட்காருவது வெறும் ஸ்டைலாகத் தெரியாது.

என் அப்பாயி, அப்பாவின் அம்மா, அந்தக் காலத்துக்கும் முன்னே இந்த நாட்டுக்கு வந்தவர். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி, இன்றைக்குக் கிள்ளான் துறைமுகம் என்கிற போர்ட் சுவெட்டன்ஹாமில் சிறுமியாக இறங்கினார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை. 2013இல் பாலாவின் 'பரதேசி' வந்தபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பி.எச்.டேனியல் எழுதிய 'ரெட் டீ' நாவலிலிருந்து பிறந்த படம் அது. தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று இரா.முருகவேள் மொழிபெயர்த்தார். தேயிலைக் காடு, நாங்கள் கித்தா என்கிற ரப்பர்க் காடு இல்லை. இருந்தாலும் கங்காணி ஒருவன்தான், கடன் கணக்கு ஒன்றுதான். கடைசியில், தப்பிக்க வழியில்லாமல் பாறையில் உட்கார்ந்து கதறுகிற ராசாவைத் தேடி, அவன் காதலித்தவள் பிள்ளையோடு அதே தோட்டத்துக்குள் நடந்து வருகிறாள். எதற்குள் வருகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அப்பாயி பேசாத கதையின் முதல் பக்கம் அதுதான் என்று எனக்குப் பட்டது. வீடு திரும்பும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. மறுநாள் பசியாறும்போதுதான் அப்பாயியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

எங்கள் கதையை எங்கள் நாட்டுப் பிள்ளைகளே எடுக்க வந்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் தனி. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005இல் வந்தது. 1960களின் ரப்பர்த் தோட்டம், பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் சாந்தா என்ற பெண். அவசரமே இல்லாத படம். வேலைக்குப் போவதும் திரும்புவதும் சாப்பிடுவதும் அவை எடுக்கும் நேரத்தையே எடுத்துக்கொண்டு நடக்கின்றன. அடுத்து அவர் எடுத்த 'சலங்கை' பிரிக்ஃபீல்ட்ஸ் கதை: பூ விற்கும் தாய், பரதம் ஆட ஏங்கும் மகள். கோவில் போகிற அவசரத்தில் சரம் வாங்குகிற நாம், அந்தத் தாயின் விரல்களை அதற்குமுன் பார்த்திருப்போமா?

2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது. தோட்டம் விட்டுப் புறம்போக்கில் வந்து விழுந்த 1990களின் குடும்பம். அப்போய் என்ற சிறுவன், படி படி என்று அடிக்கிற அப்பா, கேங்கில் இருக்கும் சித்தப்பா மெக்சிகோ. அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் அல்லாத படங்களைத் தனியே பிரித்து வைத்ததை மலாய்க் கலைஞர்களே எதிர்த்து நின்றார்கள். ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தம் விருதுகளையே திருப்பிக் கொடுத்தார். பிரிவினை போனது, 'ஜகாட்' சிறந்த படம் ஆனது. அந்த அப்பாவை வில்லன் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. காளிக்குக் கை போனதுபோல அவருக்குத் தோட்டம் போயிருக்கிறது. தெரிந்த வேலைக்கு மதிப்பில்லாமல் போன ஊரில், மகனைப் படிப்பில் தள்ளுவது தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை. பந்திங்கைச் சுற்றிக் கித்தா போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் வீடமைப்பானபோது அந்த அப்பாக்களை நான் நிறையப் பார்த்தேன்.

அண்ணன் மகள் இப்போது சினிமா படிக்கிறாள். என்ன எடுக்கலாம் அத்தை என்று போன வாரம் கேட்டாள். செம்பனையை எடு என்றேன். இருபது கிலோ குலையை நீளக் கழியின் நுனியிலுள்ள கத்தியால் அறுத்து இறக்குவதையும், உதிர்ந்த பழத்தைப் பொறுக்குகிற பெண்களின் முதுகையும், இன்றைக்கு அந்த வேலையைச் செய்கிற வங்காளதேசத்துப் பையன்களையும் எடு. அழகாக எடுக்க வேண்டாம், அவசரமாகவும் எடுக்க வேண்டாம். அந்தப் பையன்களின் அம்மாக்கள் பார்த்தால், இதுதான் என் மகன் செய்கிற வேலை என்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.