அக்காள் கொடுத்த வார்த்தை

என் அக்காள் கன்னியர் மடத்தில் சேரப் போவதாகச் சொன்ன அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. "பெற்றவர்கள் உயிரோடிருக்க உனக்கென்ன மடம்?" என்று அம்மா அழுதார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் கரிசல் காட்டிற்குப் போய்விட்டார்கள். எனக்கோ கோபம். ஒரே பாயில் என்னோடு படுத்தவள் என்னை விட்டுப் போகிறாளே!

சென்ற ஆண்டு அவளுடைய முதல் வார்த்தைப்பாட்டிற்குப் போயிருந்தோம். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்றையும் பீடத்தின் முன் குரல் நடுங்காமல் வாக்களித்தாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"உன்னை யாரும் வற்புறுத்தவில்லையே அக்கா?" என்று தனியே கேட்டேன். அவள் சிரித்தாள். "அச்சத்தினாலோ வஞ்சகத்தினாலோ கொடுத்த வார்த்தை செல்லாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறதடி. 18 வயது நிறைய வேண்டும். 12 மாதமாவது நவசந்நியாசத்தில் இருக்க வேண்டும். பின் 3 ஆண்டாவது தற்காலிக வார்த்தைப்பாட்டில் வாழ்ந்த பிறகே நித்திய வார்த்தைப்பாடு. இது புதிய வார்த்தையுமல்ல. ஞானஸ்நானத்தில் கொடுத்ததையே இன்னும் முழுமையாகக் கொடுக்கிறேன்" என்றாள்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. ஞானஸ்நானம் நானும் பெற்றவள்தானே? கைக்குழந்தையான எனக்காக ஞானப்பெற்றோர் பதில் சொன்னார்கள். அந்த வார்த்தையைக் காக்க மடத்தில்தான் சேர வேண்டுமென்பதில்லை. புனித தேவசகாயம் மணமானவர். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சிறையும் சித்திரவதையும் வந்தபோதும் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

இவ்வாண்டு மழைக்கு முன்பே அப்பா புழுதியில் கம்பும் உளுந்தும் விதைத்தார்கள். கூட நின்ற என்னிடம், "மேகத்தைக் கண்ட பிறகா விதைக்கிறோம்? உன் அக்காளும் இப்படித்தான்" என்றார்கள். அவள் போன பின் அவளைப் பற்றி அப்பா பேசியது அன்றுதான். அம்மாவின் மனம் இன்னும் முழுவதும் ஆறவில்லை.

தோழியரே, நான் மடத்திற்குப் போவேனா என்பது இறைவனுக்கே தெரியும். ஆனால் வரும் பாஸ்குத் திருவிழிப்பில் எரியும் மெழுகுதிரியோடு நின்று "விசுவசிக்கிறேன்" என்று சொல்லும்போது, யாரோ எனக்காகச் சொன்ன பதிலாக அது இராது. நானே கொடுக்கும் வார்த்தையாக இருக்கும்.