குறி பார்க்காத துப்பாக்கி

கொல்லிமலை என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவி, அப்புறம் வல்வில் ஓரி. ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்றி என்று வரிசையாகத் துளைத்துக்கொண்டு போய், கடைசியில் ஓர் உடும்பின் மேல் தைத்து நின்றதாம். புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் சொல்கிறார். புலவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார், இருக்கட்டும். அந்த ஐந்தில் காட்டுப்பன்றி மட்டும் இன்றுவரை மலைக்காரர்களை விட்டபாடில்லை.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை பல நாடுகளாகப் பிரிந்திருக்கிறது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று போகும் அந்த வரிசையில் தேவனூர் நாடும் ஒன்று. அங்கே வாழ்கிறவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, இவர்கள் பேசுவது தமிழ்). ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் இப்போது நிறைய இடத்தில் மரவள்ளிக்கிழங்கு நிற்கிறது. கீழே உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி எவ்வளவு பிடிக்குமோ, பன்றிக்கும் அவ்வளவு பிடிக்கும். ஒரே ராத்திரியில் ஒரு கூட்டம் இறங்கினால் பாத்தி பாத்தியாகக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். பத்து மாதம் காத்திருந்த பயிர்.

நாட்டுத் துப்பாக்கி கதைக்குள் நுழைவது இங்கேதான். குழலின் வாய் வழியாகவே மருந்தையும் ரவையையும் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் பழைய வகை. குதிரை விழுந்தால் கேப் வெடிக்கும், மருந்து பற்றும், ஒரு மேகம் புகை கிளம்பும். கொல்லிமலை மட்டுமில்லை, கல்வராயன், ஜவ்வாது, பச்சைமலை என்று எங்கும் உள்ள சமாச்சாரம் இது. உரிமம் இல்லாத துப்பாக்கிகளை ஒப்படைத்துவிடுங்கள் என்று போலீஸ் அவ்வப்போது அறிவிக்கும். ஊர்ப் பொது இடத்தில் ராத்திரியோடு ராத்திரியாகச் சில துப்பாக்கிகள் வந்து கிடக்கும். அடுத்த நாள் பேப்பரில் அவற்றை வரிசையாக அடுக்கி வைத்த போட்டோ வரும்.

அந்தப் போட்டோவில் இருக்கும் துப்பாக்கிகளில் எத்தனை நேராகச் சுடும்?

கேள்வி வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் துப்பாக்கி தெரிந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எந்தத் துப்பாக்கியும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குறி பார்த்த இடத்தில் சுடாது. அதைச் சுடுதளத்துக்கு எடுத்துப்போய்ச் சரிசெய்ய வேண்டும். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இது தெரியும். பாயிண்ட் டூ டூ ரைபிளைக் கையில் கொடுத்து, குப்புறப் படுக்க வைத்து, 25 மீட்டரில் ஐந்து தோட்டா சுடச் சொல்வார்கள். ஐந்தும் நடுவில் விழுந்ததா என்று முதலில் பார்ப்பதில்லை. ஐந்தும் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்ததா என்றுதான் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் குரூப்பிங். ஐந்து ஓட்டையும் இடது மூலையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குள் விழுந்தால் சந்தோஷப்படலாம், ஏனென்றால் ஆள் சரி, குறிதான் தப்பு. குறியை நகர்த்திக்கொள்ளலாம். ஐந்தும் ஐந்து பக்கம் சிதறினால் நகர்த்துவதற்கு ஒன்றுமே இல்லை.

நகர்த்துவதற்கும் ஒரு கணக்கு உண்டு. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்த வேண்டும். முன்குறி என்றால் அதற்கு எதிர்ப்பக்கம். இரண்டு குறிக்கும் இடையே 60 சென்டிமீட்டர் இருந்தால், பின்குறியை ஒரே ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே 60 மீட்டர் தூரத்தில் குண்டு 10 சென்டிமீட்டர் விலகும். எட்டாம் வகுப்பு ஒத்த முக்கோணம்தான்! பத்து சென்டிமீட்டர் என்பது பன்றியின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் உள்ள வித்தியாசம்.

வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கி இன்னும் முசுடு. இதையும் விளையாட்டாகச் சுடுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், உலக சாம்பியன்ஷிப் போட்டியே நடக்கிறது. அவர்கள் ஒவ்வொரு முறையும் மருந்தை அளந்து போடுவார்கள். கம்பியால் இடிக்கும் அழுத்தம்கூட ஒரே மாதிரி இருக்க வேண்டும். கரிமருந்து எரிந்தால் குழலுக்குள் கரி படியும், அதனால் ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் துணியால் துடைப்பார்கள். துடைக்காமல் சுட்டால் மூன்றாவது குண்டு முதல் குண்டு போன இடத்துக்குப் போகாது. மருந்து ஈரத்தையும் இழுக்கும். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், பனி மூட்டம் கவியும் மலையில் நேற்றைய மருந்தும் இன்றைய மருந்தும் ஒன்றாக இருக்காது. போதாததற்கு நாட்டுத் துப்பாக்கியின் குழல் வழுவழுக் குழல், உள்ளே புரி கிடையாது. புரி இருந்தால் குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போகும். இல்லாவிட்டால் குழலுக்குள் அங்கும் இங்கும் இடித்துக்கொண்டு கடைசியாக எந்தப் பக்கம் இடித்ததோ அதற்கேற்பத் திரும்பும். ரவை போட்டுச் சுடும் துப்பாக்கியானால், பெரிய காகிதத்தை நிறுத்திச் சுட்டு, எத்தனை ரவை எங்கே விழுகிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் அதற்கான பரிசோதனை.

உரிமம் இல்லாத துப்பாக்கியை எந்த ரைபிள் கிளப்புக்கு எடுத்துப்போவது? ஊருக்கு வெளியே மரத்தில் காகிதம் ஒட்டிப் பத்து வெடி வெடித்தால் சத்தம் அடுத்த நாடு வரைக்கும் கேட்கும். ஆகவே அந்தத் துப்பாக்கி தன் முதல் பரிசோதனையை இருட்டில், உயிருள்ள ஒன்றின் மேல்தான் நடத்துகிறது. பன்றி நெஞ்சில் அடிபட்டு விழுந்தால் சரி. வயிற்றில் வாங்கிக்கொண்டு ஓடினால் இரண்டு நாள் புதருக்குள் கிடந்து சாகும், அல்லது தேடிப் போகிறவன் மேல் பாயும். இன்னொன்றும் நடக்கிறது. பன்றி என்று நினைத்துச் சுட்டது பக்கத்து வயல் காவலுக்கு வந்த ஆளாக இருந்துவிடுகிறது. தமிழ்நாட்டு மலைப்பகுதிகளிலிருந்து இந்தச் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது.

சட்டம் அடியோடு கதவை மூடிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய் வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்பவர்களை அது தனியாகக் குறிப்பிடுகிறது. டெல்லியில் சட்டம் எழுதியவர்களுக்கு மரவள்ளிக்காரனின் கஷ்டம் தெரிந்திருக்கிறது! ஆனால் துப்பாக்கி வைத்துக்கொள்ள ஒரு சட்டம், பன்றியைச் சுட இன்னொரு சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் பன்றியைச் சுடக்கூடாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம், அதற்குள் என்றால் கூடாது. சமவெளிக்கு இது உதவும். காடும் வயலும் ஒட்டிக் கிடக்கும் மலையில் மூன்று கிலோமீட்டரை எங்கே போய் அளப்பது?

பக்கத்து மாநிலத்தில் குடகு மாவட்டம் இருக்கிறது. குடகர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் ஆங்கிலேயர் காலம் தொட்டே துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது, 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் சரி என்றது. செப்டம்பரில் வரும் கைல் போள்து பண்டிகையில் துப்பாக்கியைப் பூஜையில் வைத்து, தோக் பூ சூட்டுவார்கள். தோக் என்றால் துப்பாக்கி. அந்தப் பூ வேறு எதுவும் இல்லை, நம் மாநில மலரான செங்காந்தள்தான். பூஜை முடிந்ததும் உயரமான மரத்தில் தேங்காயைக் கட்டி, ஊர் பார்க்க ஒவ்வொருவராகச் சுடுவார்கள். யார் துப்பாக்கி இழுக்கிறது, யார் கை நடுங்குகிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துபோகும். தேங்காய் தப்பினால் சிரிப்புதான், வேறு நஷ்டம் இல்லை.

அப்படி விலக்கு கொல்லிமலைக்கும் வேண்டும் என்று கேட்பது சரியா என்பது வேறு விவாதம். துப்பாக்கி பெருகினால் காடு தாங்காது என்பதும் நியாயமான பயம்தான். ஆனால் இருக்கிற துப்பாக்கியை யாருக்கும் காட்ட முடியாது என்கிற நிலையில், அது கோணலாகச் சுடுகிறது என்பதும் யாருக்கும் தெரியாமல் போகிறது.

கொல்லிமலையில் குறி பார்க்கும் போட்டி இல்லாமல் இல்லை. ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசே வல்வில் ஓரி விழா நடத்துகிறது, செம்மேட்டில் ஓரிக்குச் சிலையும் இருக்கிறது. விழாவில் வில்வித்தைப் போட்டி உண்டு. பட்டப்பகலில் பலகையை நட்டு வைத்து, ஜனங்கள் சுற்றி நிற்க, அம்பு விடுவார்கள். முதல் அம்பு இடது பக்கம் போனால், அடுத்த அம்பைக் கொஞ்சம் வலது பக்கம் பிடித்து விடலாம்.